கட்டிலுக்கு ஒரு இடம்

எங்கள் வீட்டில் பதினேழு தகர டின்கள் இருந்தன. தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று, தவழ்ந்து மட்டுமே ஏற முடிகிற பரண் ஒன்று, அம்மா, அப்பா, நான், பிறகு அந்தப் பதினேழு டின்கள். அம்மா முறுக்கு சுட்டு மாட்டுங்காவில் இரண்டு கடைகளுக்கும் செம்பூரில் ஒரு கடைக்கும் போட்டுக்கொண்டிருந்தாள். சுவரோரமாக டின்கள் ஆள் உயரத்துக்கு நிற்கும். அவற்றை ஒட்டி மாவு மூட்டை, எண்ணெய், அடுப்பு. மிச்சமிருக்கும் இடத்தில் நாங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது குடோன் மாதிரித்தான் தெரிந்திருக்கும். அம்மா மட்டும் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவாள், ஓமப் பொட்டலம் கையில் வரும்.

என் கை வேறு ரகம். நான் ஒரு பொருளை எங்காவது வைத்தால் அது அந்த நிமிடமே உலகத்தை விட்டுப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத பொருள் எனக்கு இல்லாத பொருள். ஒரு தடவை ரேஷன் கார்டை வேதியியல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு மூன்று வாரம் வீட்டையே தலைகீழாகப் புரட்ட வைத்தேன். கார்டு கிடைத்த அன்றைக்கு, அந்த மூன்று வாரமும் நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்பதும் சேர்ந்து வெளியாகிவிட்டது.

ஆர்வம் இல்லாதவள் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்ல முடியாது. ஆர்வம்தான் வினையே. அரிசி களைய உட்காருவேன். அரிசி கட்டி வந்த தாளில் ஏதோ செய்தி இருக்கும். படிப்பேன். அதில் வந்த ஊர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வரைபடத்தைத் தேடுவேன். தேடும்போது கம்பி போன குடை கிடைக்கும். அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அரிசி தண்ணீரில் ஊறிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் 'கவனம் இல்லை, விளையாட்டுப் புத்தி' என்று வருடா வருடம் எழுதி அனுப்பினார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா என்னைக் 'காத்தாடி' என்றுதான் கூப்பிடுவாள். இதற்குச் சரியான பெயர் ஒன்று எங்காவது, யாராவது ஒரு டாக்டரிடமாவது இருக்குமோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா எனக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. டின்கள் முதலில் பதினெட்டாக இருந்தன. பதினான்கு வயதில் என்னிடம் ஒரு டின் முறுக்கைக் கொடுத்துச் செம்பூர்க் கடைக்கு அனுப்பினாள். குர்லாவில் வண்டி மாறினேன், டின்னை மேல்தட்டில் வைத்தேன். எதிரே இரண்டு மீன்காரிகள் மராத்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. செம்பூரில் இறங்கும்போது நியாயம் தெரிந்திருந்தது, டின் இல்லை. அது வண்டியோடு தானாகவே மான்குர்த் பக்கம் போய்விட்டது.

அம்மா அடிக்கவில்லை. மறுநாள் சிவப்புப் பெயின்ட் கொஞ்சம் வாங்கி, பதினேழு டின்களின் வயிற்றிலும் மூடியிலும் விரலால் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். தொலைந்தாலும் பார்க்கிறவர்கள் நம்முடையது என்று சொல்வார்கள் என்றாள். அன்றிலிருந்து என்னை வெளியே அனுப்பும்போது கையில் ஏதாவது ஒன்றைத் திணித்துவிடுவாள். உப்பு வாங்க வேண்டுமென்றால் காலியான உப்பு ஜாடி. மண்ணெண்ணெய்க்கு அந்தப் புனல். அப்பாவைத் தோல் பட்டறையிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் அப்பாவின் தட்டு. சந்தில் தட்டோடு போகும் என்னைப் பார்த்துப் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் பாதி வழியில் புத்தி எங்கே போனாலும், கையைப் பார்த்தால் வந்த காரியம் தெரிந்துவிடும். வெறுங்கையோடு மட்டும் அவள் என்னை அனுப்பியதில்லை.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அம்மா அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். இதயம் பழுது, இனி அடுப்புப் புகை ஆகாது, ஈரத் தரையில் படுக்கக் கூடாது, கட்டில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா பழைய இரும்புக் கடையில் ஒரு கட்டில் வாங்கி வந்தார். ஆறடிக்கு மூன்றடி. உள்ளே கொண்டுபோக வழியில்லாமல் வாசலில் நிறுத்திக் கயிற்றால் கட்டி வைத்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா கட்டிலையும் பார்த்தாள், எங்கள் வாசலையும் பார்த்தாள்.

"கட்டில வீட்டுக்குள்ள போடணுமா, வீட்டக் கட்டிலுக்கு மேல போடணுமா? எனக்கு ஒண்ணும் பிடிபடல."

அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். டின்களை எடைக்குப் போட்டால் கட்டில் உள்ளே வந்துவிடும். ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் அதைச் சொன்னதும் அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"தகரத்தக் குடுத்துராதட்டி. ரெண்டு மாசத்துல எந்திரிச்சிருவேன். அது நின்னாத்தான் நான் திரும்ப அடுப்பு முன்னால உக்காருவேன்."

கட்டிலுக்கும் டின்னுக்கும் நான் இடம் பண்ணுகிறேன், நீ வந்து பார் என்று சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை, அப்போதே மனத்துக்குள் அளக்கத் தொடங்கிவிட்டேன்.

கல்லூரி நூலகத்தில் ஆங்கிலப் பெண்கள் பத்திரிகை ஒன்று வரும். அதில் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தார்கள். முதல் விதி, அறையில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். வெற்று அறையைப் பார்த்த பிறகுதான் எது எங்கே என்று முடிவு செய்ய வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு வீட்டை 'ஒதுங்க வைப்பது' என்றால் கிடக்கிறதை ஓரமாகத் தள்ளுவது. இது அப்படியில்லை, அறிவியல் என்று பட்டது. அந்தப் பத்திரிகையின் படத்தில் சாமான்களை எடுத்து வைக்கப் பின்பக்கம் ஒரு புல்வெளி இருந்தது. எங்களுக்குச் சந்துதான் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவை வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. நான்கு மணியாகும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் குழாயடியில் இருந்தார்கள். டின்கள், மூட்டை, பாத்திரம், பெட்டி, சாமி படம், அம்மாவின் சேலைகள், பாய், மெத்தை என்று எல்லாவற்றையும் சந்தில் கொண்டுவந்து வரிசையாக வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் அறை காலி. என் குரல் அதற்குள் எதிரொலித்தது. நான் பிறந்து வளர்ந்த இடத்தின் தரை என்ன நிறம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது யோசனை வந்தது. கூரை இரும்பில் கொக்கி மாட்டி டின்களைத் தொங்கவிட்டால்? கீழே கட்டில், மேலே டின்கள். அம்மா படுத்துக்கொண்டே எண்ணிப் பார்க்கலாம். கொக்கி வாங்க ஓடினேன். கையில் ஒன்றும் இல்லை.

மெயின் ரோட்டுக் கடையில் கொக்கி கிடைத்தது. பக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறை. சுவரோடு மடங்கிக்கொள்கிற பலகை ஒன்றுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அது எப்படி மடங்குகிறது என்று கேட்டேன். காட்டினார்கள். மறுபடி காட்டச் சொன்னேன். ஒரு தாளில் எங்கள் அறையை வரைந்து, அம்மாவின் தலைமாட்டில் மருந்து வைக்க ஒரு பலகை, காலடியில் ஒன்று என்று நான் விளக்க, அந்தத் தச்சரும் ஆர்வமாகிவிட்டார். துண்டுப் பலகை ஒன்றை எனக்குச் சும்மாவே கொடுத்தார். நேரம் போனதே தெரியவில்லை என்று சொல்வது எனக்கு வழக்கம். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டரை மணி நேரம் போயிருந்தது.

பலகையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தபோது ஏதோ சரியில்லை. பகல் பன்னிரண்டரைக்கு எங்கள் சந்தில் வறுக்கிற மீனும் தாளிக்கிற கடுகும் மூக்கில் ஏறும். அன்றைக்கு ஒரு வாசனையும் இல்லை. ஒரு ஸ்டவ்வும் எரியவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சந்தில் யாராவது செத்துப்போனால், எடுக்கும்வரை யாரும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள்.

எங்கள் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலி அறையை யாரோ கூட்டிக் கழுவியிருந்தார்கள். மூலையில் விளக்கு ஒன்று எரிந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கட்டி போன நீ? சொந்தக்காரங்களுக்குச் சொல்லவா போன? இப்படி உங்களத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டாளே."

பலகையைக் கீழே போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள், நான் கொக்கி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா போய்விட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. வேறு எதுவும் தோன்றவில்லை. ஓவென்று அழுதேன். நான் அழுவதைப் பார்த்ததும் அவர்களுக்கும் உறுதியாகிவிட்டது. மொத்தப் பேரும் அழுதார்கள்.

பிறகு யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எங்கள் சந்தில் ஒரு வீட்டைச் சுத்தமாகக் காலி செய்வது மூன்று சமயத்தில்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது. அறையை விற்றுவிட்டுப் போகும்போது. ஆஸ்பத்திரியில் செத்தவர்களைக் கொண்டுவந்து கிடத்த இடம் வேண்டும்போது. பொங்கல் முடிந்திருந்தது. அறையை நாங்கள் விற்கவில்லை. பெரியம்மா மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது அறை காலி, மெத்தை வெளியே, அப்பா விடிந்ததுமே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், நான் ஓடிவிட்டேன். இதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும்?

அரை மணி இருக்கும். யாரோ ஒருத்தி அழுகையை நிறுத்தினாள். அடுத்தவள் நிறுத்தினாள். சந்து முனையிலிருந்து அப்பாவின் தோளைப் பிடித்தபடி அம்மா நடந்து வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். இரண்டு அடிக்கு ஒருமுறை நின்றாள். அழுத முகங்களைப் பார்த்து அவளுக்கும் கண் கலங்கியது.

"யாரு தாயி?" என்று பெரியம்மாவிடம் கேட்டாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

அம்மா சுற்றிப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு வைத்த டின்களைப் பார்த்தாள். சேலைகளைப் பார்த்தாள். சுருட்டி வைத்த மெத்தையில் கொஞ்ச நேரம் கண் நின்றது. அது அவளுடைய மெத்தை.

அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பத்திரிகை, விதி, கொக்கி. எதுவும் வாக்கியமாக வரவில்லை. அம்மா நகர்ந்துபோய் அந்த மெத்தையின் மேலேயே உட்கார்ந்தாள். மூச்சு நிதானத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தாள்.

"அடுப்பப் பத்த வைங்கட்டி. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வார நேரம்."

யாரும் அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். அதன்பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். ஒரு வீட்டில் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கும் சத்தம், பிறகு அடுத்த வீட்டில், பிறகு அதற்கடுத்த வீட்டில். அந்தச் சத்தம் சந்து முழுக்கப் பரவும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

சாமான்களை உள்ளே வைக்கச் சந்தே வந்தது. கட்டில் போட்டோம். அப்பாதான் கொக்கிகளை மாட்டினார். கூரை ஆறு டின்களைத்தான் தாங்கியது. மிச்சம் பதினொன்று. கட்டிலுக்குக் கீழே படுக்கவைத்துத் தள்ளலாம், மூன்று நான்காவது போகும் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அம்மா வேண்டாம் என்றாள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு ஒவ்வொரு டின்னாகக் கொடுக்கச் சொன்னாள். யார் யாருக்கு என்று அவளே பெயர் சொன்னாள். வாசலில் உட்கார்ந்து அழுத பதினொரு பேர்.

நான் சண்டை போட்டேன். இரண்டு மாதத்தில் எழுந்துவிடுவேன் என்று சொன்னாயே, டின் நின்றால்தானே அடுப்பு முன்னால் உட்காருவேன் என்றாயே என்று கத்தினேன்.

"அழுதாளுவல்லா," என்றாள் அம்மா. "சும்மா அழ வைக்கக் கூடாது பாத்துக்கோ."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் போனா எப்பிடி இருக்கும்னு பாத்தாச்சு. பெறவு எங்க எந்திரிக்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரிச் சொன்னாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. அது இதயத்தின் வேலை, நீ செய்ததில் ஒன்றுமில்லை என்று டாக்டர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். நான் தலையாட்டினேன். படித்தவள், புரியாமல் இல்லை. ஆனால் மெத்தையைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பியவளை டாக்டர் பார்த்திருக்கவில்லை.

எட்டு மாதம் இருந்தாள். அந்த எட்டு மாதமும் எங்கள் வீடு ஒழுங்காக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் ஒன்றும் மாறிவிடவில்லை. வைத்த இடத்தில் மறந்தேன், பாதியில் விட்டேன். ஆனால் அவள் கட்டிலில் படுத்தபடி என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்தரிக்கோலைக் காணோம் என்று நான் சுற்றினால், கண்ணைத் திறக்காமலே, காலையில் நூல் வெட்டிவிட்டு மாவு ஜாடிக்குப் பின்னால் வைத்தாயே என்பாள். கடைக்கு அனுப்பும்போது தலைமாட்டைத் துழாவி ஏதாவது ஒன்றை என் கையில் கொடுப்பாள். மருந்து வாங்க வேண்டுமென்றால் காலிச் சீசா. தச்சர் கொடுத்த அந்தப் பலகையை அப்பா தலைமாட்டில் அடித்துக் கொடுத்திருந்தார். சீசாக்கள் அதில்தான் இருந்தன.

ஒரு மழைநாள் காலையில் அம்மா போனாள். நாங்கள் இருவரும் அவளைப் பாய்க்கு மாற்றியதும் அப்பா ஆட்களுக்குச் சொல்ல ஓடினார். அவளை நடுத்தரையில் கிடத்த வேண்டும் என்றால் கட்டில் வெளியே போக வேண்டும், அதற்கு முன்னால் மெத்தை போக வேண்டும். அந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு நான்தான் சந்துக்கு வந்தேன். மழை அதன்மேல் விழுந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலருகே ஸ்டவ் முன்னால் உட்கார்ந்து எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி காத்தாடி, திரும்பவும் ஒதுங்க வைக்கியா? மழைல மெத்தையப் போட்டா உங்கம்மா வையப் போறா."

மெத்தையைப் போட்டுவிட்டு நின்றேன். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டாள். அது சீறிக்கொண்டு அணைந்தது. உள்ளே போய்ப் பக்கத்துச் சுவரைத் தட்டினாள். அந்த வீட்டு ஸ்டவ்வும் நின்றது.

இப்போது வீட்டில் நானும் அப்பாவும். அறை மறுபடி குடோன் ஆகிவிட்டது. இந்தத் தடவை முறுக்கால் அல்ல, என்னால். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒதுங்க வைக்க ஆரம்பிக்கிறேன். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுப்பதில்லை, ஒரு மூலை, ஒரு பெட்டி. அதுவும் பாதியில் நிற்கிறது. கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அப்பா கேட்பதை விட்டுவிட்டார்.

ஆனால் அந்தப் பதினொரு டின்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள், சொல்கிறேன். பெரியம்மா வீட்டில் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே, அரிசி இருக்கிறது. குழாயடி வீட்டில் ஒன்று, கரி. மூன்றாவது வீட்டில் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பையன் படிக்கிறான், அவன் காலுக்கிடையில் சிவப்புப் பொட்டு தெரியும். ஒரு குடும்பம் அறையை விற்றுவிட்டு ஆண்டாப் ஹில்லுக்குப் போய்விட்டது. அவர்களைப் பார்க்கப் போனபோது அதையும் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் வைத்து உள்ளே துணி போட்டிருந்தார்கள். திறந்தேதான் இருந்தது. மூடி இல்லையா என்று கேட்டேன். கொடுத்த அன்றைக்கே மூடி இல்லை என்றார்கள்.

மூடி எங்கள் வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.